ஊத்துற தண்ணியும் கொடுக்கிற தண்ணீரும்

பரீட்சைத் தாளில் ‘சுடுதண்ணீர்’ என்று எழுதியதற்காக என் தமிழாசிரியர் சிவப்பு மையில் ஒரு கோடு கிழித்தார். “தண் என்றால் குளிர்ச்சி. தண்ணும் நீரும் சேர்ந்தால் தண்ணீர். குளிர்ந்த நீர் எப்படிடா சுடும்? வெந்நீர் என்று எழுது” என்றார். இலக்கணப்படி அவர் சொன்னதில் தவறில்லை. தமிழ் வளர்க்கிறவர்கள் இன்றைக்கும் மேடைதோறும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீர் என்பது பொதுச்சொல், தண்ணீர் குளிர்ந்தது, வெந்நீர் காய்ந்தது. ஆகவே சுடுதண்ணீர் என்பது பாமரர் பிழை என்று முடிப்பார்கள்.

அந்தப் பாமரர் பிழையைப் பேசித்தான் நாங்கள் வளர்ந்தோம். முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு சேரி எங்களுடையது. எங்கள் தெருவில் யாரும் வெந்நீர் கேட்டதில்லை. காய்ச்சல் வந்தால் சுடுதண்ணி, பிள்ளை பெற்றவளுக்குச் சுடுதண்ணி, மழையில் நாற்று நட்டுவிட்டு வந்து காலில் ஊற்றிக்கொள்ளச் சுடுதண்ணி. எங்கள் வாயில் தண்ணி என்பது குளிர்ந்த நீரல்ல, நீர்தான். எண்ணெய் என்ற சொல்லும் எள்ளின் நெய் என்றுதான் பிறந்தது. ஆனால் தேங்காய் எண்ணெய் என்று எழுதியவனுக்கு அந்த வாத்தியார் கோடு கிழிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் அவர் வீட்டிலும் இருந்தது. எது வழக்கு, எது பிழை என்பது யார் வீட்டில் அந்தச் சொல் புழங்குகிறது என்பதைப் பொறுத்தது என்று எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

நீருக்கும் தண்ணீருக்கும் உள்ள வேற்றுமையைச் சூடு, குளிர்ச்சியை வைத்து அளந்து பார்த்தவர்கள் சாதியை வைத்து அளந்து பார்த்ததில்லை. அளந்து பார்த்தால் அகராதியில் ஒரே வரிசையில் நிற்கிற இந்தச் சொற்கள் ஊரில் ஒரே வரிசையில் நிற்கவில்லை என்பது தெரியும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

*

நீர், தண்ணீர், ஜலம், தீர்த்தம். நான்கும் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் எதைச் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். ஜலம் அக்கிரகாரத்துச் சொல். எங்கள் ஆள் ஒருவர் வேடிக்கைக்கு ஜலம் என்றால் தெருவே சிரிக்கும். தீர்த்தம் கோயிலுக்குள் கொடுப்பது. கோயிலுக்குள் விடப்படாதவனுக்கு அந்தச் சொல்லால் என்ன பயன்? நீர் என்பதைத் தனியாகப் பேச்சில் சொல்பவர் குறைவு. அது எழுத்தில் இருக்கிறது, அரசாங்கப் பலகையில் இருக்கிறது: குடிநீர், கழிவுநீர், நிலத்தடி நீர், நீர்நிலை. என் அப்பாயி தன் வாழ்நாளில் குடிநீர் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘குடிக்கிற தண்ணி’ என்பாள். தனித்தமிழ் நீர் தூயது, தண்ணி கொச்சை என்று சொல்வோருக்கு ஒன்று நினைவூட்டலாம்: சிறுநீரும் நீர்தான், நீர்க்கடுப்பும் நீர்தான். நீரில் தூய்மையும் இல்லை, தீட்டும் இல்லை. இரண்டையும் அதில் கரைத்தவர்கள் மனிதர்கள்.

எங்களுக்கு மிஞ்சிய சொல் தண்ணி. அதையும் ஊரார் சாராயத்துக்குப் பெயராக்கினார்கள். “தண்ணி போட்டிருக்கான்” என்றால் பொருள் வேறு. 2003இலிருந்து அந்தத் தண்ணியைச் சில்லறையில் விற்கிற முதலாளி அரசாங்கம்தான். குடிக்கிற தண்ணிக்கு மனு மேல் மனு கொடுத்து வருடக்கணக்கில் காத்திருக்கிற சனங்களுக்கு, போடுகிற தண்ணி மனுக் கொடுக்காமலே கிடைக்கிறது. இந்த இரண்டு தண்ணிக்கும் உள்ள வேற்றுமையை எந்தத் தமிழ்ப் பேராசிரியராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

*

பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லுக்கு வருகிறேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது எந்தக் கோட்பாட்டு நூலும் இல்லை, என் அப்பாயி.

அப்போது எனக்கு எட்டு வயசிருக்கும். அப்பாயி விறகுக் கட்டை முத்துப்பேட்டைக்குக் கொண்டுபோய் விற்பாள். ஒருநாள் நானும் கூடப் போனேன். பாய் வீட்டுத் திண்ணையோரம் கட்டை இறக்கிவிட்டுத் தண்ணி கேட்டாள். அந்த வீட்டு அம்மா உள்ளே போய்ச் சொம்பில் மொண்டுகொண்டு வந்து அப்பாயி கையில் கொடுத்தது. அப்பாயி அண்ணாந்து குடித்தாள், எனக்கும் கொடுத்தாள், சொம்பைத் திருப்பி அந்த அம்மா கையிலேயே கொடுத்தாள். திரும்பி வருகிற வழியில் அவள் சொன்னது இது: “அங்க தண்ணி குடுத்தாவொ பாத்தியாடா. நம்ம ஊர்ல ஊத்துவாவொ.”

நம்ம ஊரில் ஊத்தியதையும் நான் பார்த்திருக்கிறேன். ஊர்க் கிணற்றடியில் எங்கள் பெண்கள் குடத்தை எட்ட வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். யாராவது மனசு வைத்து இறைத்து, உயரத்திலிருந்து அந்தக் குடத்தில் ஊற்ற வேண்டும். “தாயே, ஒரு கொடம் ஊத்துங்க தாயே.” பாதி வெளியே கொட்டும். வயலில் தாகமெடுத்து ஆண்டை வீட்டுக் கொல்லையில் போய் நின்றாலும் இதேதான். இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக் குனிய வேண்டும், மேலேயிருந்து ஊற்றுவார்கள். குனிந்தால்தான் குடிக்க முடியும் என்கிற ஏற்பாடு அது. விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பார்கள். எங்களுக்குத் தண்ணி ஊத்துவார்கள்.

மாட்டுக்கு வேறொரு வினைச்சொல் உண்டு. மாட்டுக்குத் தண்ணி காட்டுவார்கள். காட்டினால் போதும், அது தானே இறங்கித் தன் வாயை வைத்துக் குடித்துக்கொள்ளும். ஆண்டையின் மாட்டை ஊர்க் குளத்துக்கு ஓட்டிப்போய்த் தண்ணி காட்டியவன் எங்கள் பையன். மாடு இறங்கியது, எருமை நாள் முழுக்க ஊறிக் கிடந்தது. ஓட்டிப்போனவன் கரையில் நின்றான். கொடுப்பது, காட்டுவது, ஊத்துவது என்று மூன்று வினைச்சொற்கள். மாடு நடுவில் இருக்கிறது, நாங்கள் அதற்குக் கீழே. சாதிப் படிநிலையை விளக்க இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

முத்துப்பேட்டையில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு சொம்பு தண்ணீரை வைத்து ஒரு சமூகத்துக்கே நற்சான்று எழுத முடியாது. ஆனால் ஏட்டறிவில்லாத ஒரு கிழவிக்கு இரண்டு வினைச்சொற்களின் வேற்றுமை துல்லியமாகத் தெரிந்திருந்தது, அதை அவள் தன் பேரனுக்குச் சொல்லியும் வைத்தாள். இதைத்தான் நாம் தலித் அறிவு என்கிறோம்.

*

அடுத்து, தண்ணீர் நிற்கிற இடம். குளம் என்றால் ஊருக்கு நடுவில், கோயிலுக்குப் பக்கத்தில், படித்துறையோடு இருப்பது. குட்டை என்றால் சேரியை ஒட்டி, மாடும் மனிதரும் சேர்ந்து இறங்குவது. குளத்துக்கு வாய்க்கால் இணைப்பு உண்டு, ஆற்றில் தண்ணீர் வந்தால் நிரம்பும். குட்டை மழையை நம்பி இருக்கும். பெரிசு சிறிசு மட்டும் வேற்றுமை என்று அகராதி நினைத்துக்கொள்ளலாம். வெயில் காலத்தில் குட்டையில் துணியால் வடிகட்டி மொண்டவர்களுக்கு அது போதாது.

‘பொது’ என்ற சொல்லைப் பாருங்கள். 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொது வீதியிலும் பொதுக் கிணற்றிலும் பொதுக் குளத்திலும் எந்த வகுப்பாருக்கும் தடை கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. ஊரார் அதை எப்படித் தோற்கடித்தார்கள்? சட்டத்தை எதிர்த்து அல்ல, சொல்லை மாற்றி. “இது பொதுக் குளம் இல்லப்பா, ஊர்ப்பொதுக் குளம்” என்றார்கள். நம் பக்கத்து வழக்கில் ஊர் என்றால் சேரி நீங்கலாக. ஆகவே ஊர்ப்பொது என்பது பொதுவுக்கு நேர் எதிரான சொல். இன்றைக்கும் பல இடங்களில் குளத்து மீன் ஏலத்தில் இந்தச் சொல் வேலை செய்கிறது. ஊர்ப்பொதுப் பணம் என்று மீன் காசு எங்கே போகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

மகாராஷ்டிரத்தில் மகாத் நகரத்துச் சவுதார் குளத்திலும் சண்டை இந்தச் சொல்லின் மேல்தான் நடந்தது. பொது இடங்களைத் திறந்துவிடச் சொல்லி பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சியும் குளம் எல்லோருக்கும் உரியது என்றது. ஆனால் ஒருவரும் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தக் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். யாரும் ஊற்றவில்லை, யாரும் கொடுக்கவில்லை. அள்ளுவது என்ற நாலாவது வினைச்சொல்லை அன்றைக்கு நம் சனங்கள் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு சாதி இந்துக்கள் வழக்குப் போட்டார்கள். இது பொதுக் குளமில்லை, எங்களுக்குச் சொந்தமானது என்பது அவர்கள் வாதம். 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளியது. ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்டப் பத்து வருஷம் பிடித்திருக்கிறது.

அம்பேத்கர் குடித்த பிறகு மகாத்தில் குளத்துக்குச் சுத்திச் சடங்கு செய்தார்கள். சாணியும் கோமியமும் பாலும் தயிரும் கரைத்து 108 குடம் ஊற்றி, மந்திரம் சொல்லி, தீட்டுக் கழிந்தது என்றார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தஞ்சாவூர்ப் பண்ணைகளின் சாணிப்பால்தான் நினைவுக்கு வரும். வேலைக்குத் தாமதமாக வந்த பண்ணையாளுக்கு, எதிர்த்துப் பேசியவனுக்குச் சவுக்கடியோடு சேர்த்துச் சாணியைக் கரைத்துக் குடிக்கச் செய்த தண்டனை அது. 1940களில் சீனிவாசராவும் மற்றத் தோழர்களும் கீழத்தஞ்சையில் விவசாயச் சங்கம் கட்டியபோது முதலில் எதிர்த்து நின்றவை சாணிப்பாலும் சவுக்கடியும்தான். மகாத்தில் குளத்தின் வாயில் ஊற்றினால் சாணிக் கரைசல் புனிதம். இங்கே எங்கள் தாத்தன் வாயில் ஊற்றினால் அதே கரைசல் தண்டனை. அதற்குப் ‘பால்’ என்று பெயர் வைத்தானே, அந்தப் பெயரில் இருக்கிற ஏளனத்தைக் கவனியுங்கள். ஊற்றியவன் கொடுத்த பெயரைத்தான் குடித்தவனும் சொல்லவேண்டி இருந்தது.

தீர்த்தம் என்ற சொல்லுக்கு வடமொழியில் ஆதிப் பொருள் துறை. ஆற்றில் இறங்குகிற இடம், கடக்கிற இடம். புனித நீர் என்பது பிறகு ஏறிய பொருள். ஆகத் தீர்த்தம் என்ற சொல்லுக்குள்ளேயே ‘இறங்கும் உரிமை’ இருக்கிறது. அதைப் புட்டியில் அடைத்து உத்தரணியில் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வழங்குகிற பொருளாக மாற்றிவிட்டார்கள். இதைத் திருத்தியது நம் அரசியல் சட்டம். 1948 வரைவில் பாகுபாட்டைத் தடுக்கிற பிரிவில் கிணறு, குளம், சாலை, பொது இடங்கள் என்றுதான் இருந்தது. அரசியல் நிர்ணய சபை விவாதத்துக்குப் பிறகு படித்துறையும் சேர்ந்தது. இன்றைக்கு 15ஆவது பிரிவில் கிணறு, குளம், படித்துறை என்று மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. வெறும் வார்த்தை அடுக்கல்ல அது. குளம் உன்னுடையது, படித்துறை எங்களுடையது என்று சொல்லத் தெரிந்த நாடு இது. அப்படி ஒருவன் சொல்லுவான் என்று தெரிந்துதான் படித்துறையையும் பெயர் சொல்லி எழுதவேண்டி வந்தது.

*

டெல்டாவுக்கே உரிய இரட்டைச் சொல் ஒன்று உண்டு: வாய்க்கால், வடிகால். எங்கள் பக்கம் வடிவாய்க்கால் என்போம். வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவருகிறது. வடிவாய்க்கால் வயல் வேண்டாம் என்று விட்டதைக் கொண்டுபோகிறது. மேட்டூர் அணை 1934இல் வந்த பிறகு ஜூன் 12 என்பது டெல்டாவின் பஞ்சாங்கத்தில் ஏறிவிட்டது. அன்று திறக்கிற தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் காயலில் வந்து விழுகின்றன. அலையாத்திக் காட்டைத் தாண்டினால் கடல்.

அதனால் எங்கள் ஊர் கடைமடை. மேலே ஒருவன் வயலில் வடிந்த தண்ணீர்தான் கீழே இன்னொருவனுக்குப் பாசனம். மேல்மடைக்காரனின் வடிவாய்க்கால் கடைமடைக்காரனின் வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது நாங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் முதலில் மூழ்குவதும் நாங்கள். மேற்கே மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். எங்களுக்கு வெள்ளம் என்றால் கூரையைப் பிடித்துக்கொண்டு நிற்பது.

இந்தக் கதையைக் கடைமடை விவசாயிகள் சங்கங்கள் நன்றாகவே பேசுகின்றன. நியாயமான பேச்சுதான். ஆனால் கடைமடைக்குள்ளும் ஒரு கடைமடை இருக்கிறது என்பதை அவை பேசுவதில்லை. கீழத்தஞ்சையில் பல ஊர்களின் அமைப்பைப் பாருங்கள். ஊர் மேட்டில், வாய்க்கால் பக்கம். சேரி பள்ளத்தில், வடிவாய்க்கால் பக்கம். ஊர்த்தெருவும் வயலும் கழித்த தண்ணீர் சேரியைத் தொட்டுக்கொண்டு போகும். பல சேரிகளில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வடிவாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும், பாலம் கிடையாது. ஒவ்வொரு மழைக்கும் அந்தப் படம் நாளிதழில் வரும். ‘பாலம் இல்லாமல் அவதி’ என்று தலைப்புப் போடுவார்கள். அவதி யாருடையது என்பது தலைப்பில் இருக்காது.

வாய்க்காலில் இறங்கத் தடை இருந்த அதே ஆட்கள்தான் இரவெல்லாம் வரப்பில் கிடந்து மடை திறந்தார்கள், அடைத்தார்கள். வாமடையில் மண்ணை வெட்டிப் போட்டுத் தண்ணீரை வயல் வயலாகத் திருப்பிவிட்டது எங்கள் கை. எங்கள் கை பட்ட தண்ணீரில் விளைந்த நெல்லுக்குத் தீட்டில்லை. எங்கள் கை பட்ட குடத்துக்கு மட்டும் தீட்டு. மடையன் என்ற வசவு மடை திறப்பவனிலிருந்து வந்தது என்று சில தோழர்கள் மேடையில் சொல்கிறார்கள். அகராதிகள் மடமையிலிருந்து வந்ததாகத்தான் காட்டுகின்றன. நமக்கு வேர்ச்சொல் அலங்காரம் தேவையில்லை. மடை திறந்தவனுக்கு அந்தத் தண்ணீரில் ஒரு குடம் உரிமை இருந்ததா என்ற கேள்வி போதும்.

1990களில் இறால் பண்ணைகள் வந்தன. இந்த மண்ணில் பண்ணை என்ற சொல் மறுபடியும் புதுப் பொருளோடு திரும்பி வந்தது. முன்பு பண்ணைக்கு ஆள் வேண்டியிருந்தது. இறால் பண்ணைக்கு உப்புத் தண்ணீர்தான் வேண்டும், ஆள் அதிகம் வேண்டாம். வேலையும் போனது, பக்கத்துக் கிணறும் உப்பானது. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. 2005இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து அந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. எங்கள் மொழியில் நல்ல தண்ணி, உப்புத் தண்ணி என்று இரண்டு உண்டு. சொந்த நிலமில்லாதவன் நல்ல தண்ணியை உப்புத் தண்ணியாக மாற்றியதற்கு நட்ட ஈடு கேட்க முடியாது. கெட்டுப்போனது அவன் பெயரில் இல்லை.

*

இப்போது குழாய் வந்துவிட்டதே, தொட்டி வந்துவிட்டதே, கிணற்றடிக் கதையை இன்னும் ஏன் பேசுகிறாய் என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் இன்று யாரும் கையைக் குவித்துக் குனிவதில்லை. அது போராடி வந்த மாற்றம், சும்மா வரவில்லை.

ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகை மாவட்ட நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கி வைக்கப்பட்டதையும், பொதுத் தொட்டியில் தண்ணீர் எடுக்கத் தடுக்கப்பட்டதையும் செய்தி ஏடுகள் அப்போதே எழுதின. கடலே ஊருக்குள் வந்து எல்லா வீட்டையும் ஒன்றாக்கிப் போட்ட பிறகும் தொட்டி இரண்டாகத்தான் இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊருக்கு வந்த தண்ணீர் லாரி ஊர் முனையோடு நின்றது. “ரோடு சரியில்ல, இங்க வந்து புடிச்சுக்கங்க” என்றார்கள். வந்து பிடித்தோம், ஊரார் பிடித்து முடித்த பிறகு.

2022 டிசம்பர் 26 அன்று புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. குழந்தைகளுக்கு உடம்புக்கு வந்த பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். வழக்கு குற்றப்புலனாய்வுத் துறைக்குப் போனது. இரண்டு வருஷம் கழித்து 2025 ஜனவரியில் அந்தத் துறை அதே தலித் மக்களில் மூன்று பேர் மேல் குற்றப்பத்திரிகை போட்டது. மக்கள் அதை ஏற்கவில்லை. தலித் இயக்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் மறு விசாரணை கேட்டன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989லேயே, எங்கள் சனங்கள் புழங்குகிற நீரைக் கெடுப்பதைக் குற்றம் என்று தனியாக எழுதி வைத்திருக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்கு ஊர் தெரிந்திருக்கிறது. விசாரிக்கிறவர்களுக்கும் தெரியாமல் இருக்காது.

வேங்கைவயல் செய்தி வந்த அன்று எனக்கு உறுத்தியது வேறொன்று. அது தனித் தொட்டி. ஊருக்கு ஒன்று, அவர்களுக்கு ஒன்று. தனியாக இருந்ததால்தான் யாருடைய வாய்க்குப் போகும் என்று குறி வைக்க முடிந்தது. ஊர் முழுக்கக் குடிக்கிற ஒரே தொட்டியில் எவனும் இதைச் செய்திருக்க முடியாது. அவன் பிள்ளையும் அதில்தான் குடித்திருக்கும்.

இதில் எனக்கும் பங்கு உண்டு. இருபத்தைந்து வயதில் நான் எங்கள் தெருவுக்காக எழுதிய முதல் மனுவின் தலைப்பு, ‘எங்கள் காலனிக்குத் தனியாகக் குடிநீர்த் தொட்டி வேண்டி’ என்பது. ஊர்த் தொட்டிக் குழாயடியில் தினமும் சண்டை. எங்கள் பெண்கள் குடத்தைக் காலால் எத்தினார்கள். என் அம்மாதான், “நமக்குத் தனியா ஒண்ணு கட்டிக் குடுக்கச் சொல்லுடா, இவங்கக்கிட்ட பேச்சு வாங்க முடியல” என்றாள். எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். அதிகாரிகள் அவ்வளவு சீக்கிரம் எந்த மனுவையும் ஏற்றதில்லை. தொட்டி வந்தது. ஊரார் சந்தோஷப்பட்டார்கள். அவர்கள் ஏன் சந்தோஷப்பட்டார்கள் என்று நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

அம்மா கேட்டதில் தப்பில்லை. தினமும் குடம் தூக்குகிறவளுக்குக் கோட்பாட்டுக்காகக் காத்திருக்க நேரமில்லை. தண்ணீர் இன்றைக்கு வேண்டும். தனித் தொட்டி கேட்கிற எந்தச் சேரியையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மனு எழுதத் தெரிந்தவன், அரசியல் பேசத் தெரிந்தவன் என்ற முறையில் நான் வேறு விதமாக எழுதியிருக்க வேண்டும். தடுத்தவர்கள் மேல் வழக்குப் போடு, அதே குழாயில் எங்களுக்குப் பாதுகாப்புக் கொடு, அதற்குள் லாரியில் தண்ணீர் அனுப்பு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காததால், தீண்டாமையைச் சிமெண்டில் கட்டிக்கொடுத்ததற்காக அரசாங்கத்துக்கு நன்றி சொல்லி மாலை போட்டோம்.

*

ஆகவே களத்துக்குப் போகிற தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணக்கெடுப்புத் தாளில் ‘குடிநீர் வசதி: உண்டு / இல்லை’ என்ற கேள்வியை முதலில் அடியுங்கள். அந்தக் கேள்விக்கு எல்லா ஊரிலும் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். ஒன்றிய அரசு 2019இல் ஜல் ஜீவன் என்று பெயர் வைத்து வீட்டுக்கு வீடு குழாய் என்று திட்டம் போட்டது. அக்கிரகாரத்து ஜலம் அரசுத் திட்டமாக எங்கள் சேரிக்குள்ளும் வந்துவிட்டது. குழாயை எண்ணினால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

வேறு கேள்வி கேளுங்கள். தொட்டி ஒன்றா, இரண்டா? இரண்டு என்றால் எது முதலில் நிரம்புகிறது? தண்ணீர் திறந்துவிடுகிறவர் எந்தத் தெரு? குளத்தில் எத்தனை படித்துறை, எதில் யார் இறங்குகிறார்கள்? மீன் ஏலத்தில் சேரியிலிருந்து ஒருவர் கேட்டது உண்டா? தெருவை ஒட்டிப் போவது வாய்க்காலா, வடிவாய்க்காலா? டீக்கடையில் தண்ணீர் டம்ளரைக் கையில் கொடுக்கிறார்களா, பெஞ்சில் வைத்துவிட்டுப் போகிறார்களா? வேலைக்குப் போன வீட்டில் தண்ணி கேட்டால் என்ன பாத்திரத்தில் வருகிறது? பதிலை நம் தமிழில் திருத்தி எழுதாதீர்கள். ‘ஊத்துறாங்க’ என்று ஒரு பாட்டி சொன்னால் ‘வழங்குகிறார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்தான் சாட்சியம். அதைத் திருத்தினால் வழக்கே போய்விடும்.

தமிழ் மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் சேரியில், உங்கள் ஊரில் தண்ணீரைச் சுற்றியிருக்கிற சொற்களைச் சேகரியுங்கள். பெயர்ச்சொல்லோடு நிறுத்தாமல் வினைச்சொல்லையும் எழுதுங்கள், யார் யாருக்குச் சொன்னது என்பதையும் எழுதுங்கள். ஆய்வேட்டுக்கு மட்டுமல்ல, வழக்கு மன்றத்துக்கும் அது வேண்டும்.

சுடுதண்ணீர் சரியா, வெந்நீர் சரியா என்ற விவாதம் நடக்கிறவர்களுக்குள் நடக்கட்டும். நான் இப்போதும் சுடுதண்ணி என்றுதான் சொல்கிறேன். ஆனால் சிவப்புப் பேனாவை என் கையில் கொடுத்தால் கோடு கிழிக்க எனக்கும் ஒரு சொல் இருக்கிறது. அந்தப் பழைய மனுவின் நகல் இன்னும் பெட்டியில் கிடக்கிறது. அதில் ‘தனியாக’ என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அதுதான்.